சத்தம்: பத்துக்கு ஒன்பதரை

டிசம்பர் 15, திங்கள்

கூரியர்காரர் பத்து நிமிடம் பெல் அடித்தாராம். கடைசியில் ஜன்னல் கம்பியைத் தட்டித்தான் என்னைக் கூப்பிட்டார். "ஆளில்லைன்னு எழுதிட்டுக் கெளம்பலாம்னு இருந்தனுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். காலிங் பெல்லுக்குப் புது பேட்டரி போட வேண்டும்.

வந்திருப்பது வேங்கை 16. விளையாட்டுக்கென்றே செய்த மடிக்கணினி. பெட்டியைத் திறந்ததும் ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பொருளை முதலில் தொடக் கூடாது, பார்க்க வேண்டும். கருஞ்சாம்பல் மூடி, விரல் ரேகை ஒட்டவில்லை. ஒரு விரலால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் கூடவே எழும்பி வரவில்லை. இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்யாத கம்பெனிகள்தான் அதிகம். சார்ஜர் மட்டும் செங்கல். வேங்கைக்குத் தீனி போட வேண்டாமா, போகட்டும்.

முப்பத்தொன்றாம் தேதி திருப்பி அனுப்ப வேண்டும். 'கணிமுற்றம்' ஆசிரியர் சுடரொளி வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்: "சார், இந்த வருடத்தின் சிறந்த கணினி எது என்று ஜனவரி இதழில் போடுகிறோம். உங்கள் மதிப்பீட்டை வைத்துத்தான் முடிவு." போனில் பேசலாமா என்று கேட்டார். எழுத்தில் இருந்தால் ரெக்கார்டு, எழுதியே அனுப்புங்கள் என்றேன். இப்போதெல்லாம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறேன். போனில் யார் தெளிவாகப் பேசுகிறார்கள்? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற காலம்.

இந்த நோட்டு மோட்டார் கம்பெனியில் வந்த பழக்கம். பீளமேட்டில் பத்தொன்பது வருடம் டெஸ்டிங் செக்‌ஷன். ரிஜிஸ்டரில் ஏறாத மோட்டார் வாசலைத் தாண்டாது. வரிசையாக முப்பது மோட்டார் ஓடும்போது, எதில் பேரிங் போயிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவேன். "நாச்சிமுத்துக்குப் பாம்புக்காது" என்பார்கள். அதே பெயரில்தான் இன்று என் பத்தியும் வருகிறது. சத்தத்துக்கு மற்றவர்கள் மீட்டர் வைப்பார்கள். நான் காதை வைப்பேன். "சத்தம்: அடுத்த வீட்டு மிக்ஸி, பத்துக்கு நாலு" என்று நான் எழுதினால் வாசகருக்கு உடனே புரியும். சுடரொளி அனுப்பிய மீட்டர் இரண்டு வருடமாகப் பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஓயாமல் விளையாட்டு. எல்லா அமைப்பும் உச்சத்தில். மழையில் நனைந்த தெரு, தண்ணீரில் விளக்கு வெளிச்சம், ஓடுகிறவனின் நிழல் உட்பட ஒன்றும் திக்கவில்லை. நொடிக்கு நூற்றிருபது ஃப்ரேமுக்குக் கீழே இறங்கவே இல்லை. போன வருடம் வந்த அத்தனை கணினியையும் ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. பக்கவாட்டில் அனல் அடிக்கிறது, சட்டை காய வைக்கலாம். ஆனால் விசைப்பலகை சூடாகவில்லை. உள்ளே காற்றுக்கு யாரோ படித்தவர் வழி போட்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய அதிசயம், விசிறிச் சத்தம். இல்லை. குனிந்து காதை வைத்தும் கேட்டேன். இல்லவே இல்லை.

மனைவி செல்வநாயகி நடு அறையில் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு. பாதியில் எழுந்து வந்து என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மார்கழி பிறந்ததும் குளிர் காற்று போல.

டிசம்பர் 17, புதன்

பெல்லுக்குப் பேட்டரி மாற்றினேன். பழையதே நன்றாகத்தான் இருந்தது என்கிறாள் செல்வநாயகி.

டிசம்பர் 18, வியாழன்

இன்று ஒலிபெருக்கிச் சோதனை. வேங்கையிடம் முதல் குறை கண்டேன், சொல்லாமல் விட மாட்டேன். துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு ஒன்றில், இடிந்த ஊருக்குள் ஒளிந்திருந்து வருகிறவனைச் சுட வேண்டும். காலடிச் சத்தத்தை வைத்துத்தான் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியும். இதில் காலடியே வருவதில்லை. பதினோரு முறை செத்தேன், பதினொன்றும் பின்னாலிருந்து. குண்டுச் சத்தம் கணீரென்று இருக்கிறது, மெல்லிய சத்தத்தை விழுங்கிவிடுகிறது. "ஒலிபெருக்கி: பத்துக்கு நாலு" என்று குறித்திருக்கிறேன்.

செல்வநாயகி பள்ளிக்குக் கிளம்பும்போது பருப்பு வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னாள். விசில் வரவே இல்லை. அடிப்பிடித்த வாசனைதான் வந்தது. குக்கருக்கு கேஸ்கட் மாற்ற வேண்டும். சாயங்காலம் வந்தவள் குக்கரை ஊற வைத்துவிட்டுத் தயிரை ஊற்றிச் சாப்பிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 20, சனி

மேலப்பாளையத்திலிருந்து முபாரக் என்று ஒரு வாசகர். ஆறு வருடமாகப் பாம்புக்காது படிக்கிறாராம். கல்யாண அழைப்பிதழ் வீடியோக்கள் செய்து கொடுக்கிற தொழில். எழுதியிருந்ததை அப்படியே ஒட்டி வைக்கிறேன்:

"எங்களுக்கு ஒரே அறை சார். நாலு மாதப் பிள்ளை இருக்கிறது, குறை மாதத்தில் பிறந்தது. சின்னச் சத்தத்துக்கும் விழித்து அழும், அழுதால் மூச்சு வாங்கும். அது தூங்குகிற நேரத்தில்தான் நான் வேலை செய்ய முடியும். வேங்கை வாங்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு வருடச் சேமிப்பு. கம்பெனிக்காரன் சொல்வதை நம்ப மாட்டேன். உங்கள் காது என்ன சொல்கிறது?"

நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே பதில் போட்டேன்: "சத்தமே இல்லை. பத்துக்கு ஒன்பதரை கொடுக்கப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

செல்வநாயகியிடம் படித்துக் காட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அதுல சத்தமே இல்லைங்களா?"

"இல்லையே."

"ஒருக்கா காட்டிட்டு வந்தறலாமுங்க. நானும் ஒரு வருசமாச் சொல்லீட்டு இருக்கறேன்."

"எதைக் காட்டறது?"

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கா! முப்பது மோட்டாருக்கு நடுவில் ஒரு பேரிங்கைப் பிடித்தவனுக்கா! வந்த கோபத்தில் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். இரண்டு வருடமாகக் கணினிகள் அமைதியாகிக்கொண்டு வருகின்றன. போன ஐந்து இதழிலும் எல்லாவற்றுக்கும் எட்டுக்கு மேல்தான் கொடுத்திருக்கிறேன். கம்பெனிகள் திருந்திவிட்டன என்று எடுத்துச் சொன்னால் அவளிடம் அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

டிசம்பர் 21, ஞாயிறு

பேட்டரி ஏழு மணி நேரம் இருபது நிமிடம். இந்த வகைக் கணினியில் இது கேள்விப்படாதது. செல்வநாயகியோடு பேசவில்லை.

டிசம்பர் 24, புதன்

பள்ளி விடுமுறை. பேச்சு திரும்பிவிட்டது. எப்படி என்றால், நான் பன்னிரண்டாவது முறை சாவதைப் பின்னால் நின்று பார்த்தவள், "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயதுக் கணக்கு டீச்சர். வாழ்நாளில் பழைய போனில் வந்த பாம்பு விளையாட்டைத் தவிர எதுவும் ஆடியதில்லை.

முதல் இரண்டு முறை செத்தாள். மூன்றாம் முறை ஒன்பது பேரைச் சுட்டாள்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. முதுகை நேராக வைத்து, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தாள். "மாடிப்படில எறங்கறான்" என்றாள். ஆளே தெரியவில்லை. திரும்பினாள், சுட்டாள், விழுந்தான். "எடது பக்கம் ரெண்டு பேரு. ஒருத்தன் கண்ணாடி மேல நடக்கறான்." அதேபோல இருந்தார்கள்.

"எப்படி உனக்குத் தெரியுது?"

"கேக்குதில்லைங்க?" என்றாள் திரையிலிருந்து கண் எடுக்காமல். பிறகு சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் எவனோ வந்து அவளைச் சுட்டுவிட்டான்.

அவளுக்குக் கண் பார்வை கூர்மை. அதனால்தான்.

டிசம்பர் 25, வியாழன்

காலையில் சுடரொளியின் செய்தி. "சார், தப்பா நினைக்காதீங்க. கம்பெனியோட விவரக் குறிப்புலயே முழு வேகத்தில் விசிறிச் சத்தம் 55 டெசிபல்னு போட்டிருக்காங்க. நீங்க அனுப்பின முதல் குறிப்புல சத்தமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இன்னொரு தடவை பார்த்துடுறீங்களா?"

எந்த மாமியார் தன் மோர் புளிக்கும் என்று சொல்லுவாள்? தன் சரக்கைத் தானே குறை சொல்லுகிற கம்பெனி இருக்குமா? அச்சுப் பிழையாக இருக்கும் என்று பதில் எழுதிவிட்டு, அனுப்பாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பீரோ மேலிருந்து மீட்டரை இறக்கினேன். விளையாட்டை ஓட விட்டு எதிரே வைத்தேன். 55. சில நேரம் 56. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று வீட்டு மிக்ஸியைப் போட்டுப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியது. கணினியை அணைத்துப் பார்த்தேன். 31. மீட்டரில் தவறு இல்லை.

மேசை டிராயரில் என் பழைய திருப்புளி இருக்கிறது. மரப்பிடி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டார் வேலை தெரிந்த எல்லோரும் செய்கிற வேலைதான். முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. புதிதாக வந்த பையன்களுக்கு வேண்டுமானால் எடுத்துக் கொடுப்பேன். இன்று முனையை வேங்கையின் முதுகில் வைத்து, பிடியை எலும்பில் அழுத்தினேன்.

கேட்டது.

இரண்டு விசிறி. இரண்டும் அடித்து விரட்டுகிற வேகம். வலது விசிறி ஒரு நூல் மேல் சுருதி. பேரிங் இரண்டும் அப்பழுக்கில்லாதவை, இவ்வளவு சின்ன பேரிங்கை இப்படிச் செய்தவன் கையைக் கும்பிடலாம். எடுத்தேன். ஒன்றுமில்லை. வைத்தேன், ஓ என்று இரைந்தது. எடுத்தேன், ஒன்றுமில்லை. எத்தனை தடவை வைத்து எடுத்தேன் என்று தெரியாது. இந்த நோட்டில் பொய் எழுதிப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். அழுதேன்.

நிமிர்ந்தபோது செல்வநாயகி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் வந்து நிற்பதுதான் எனக்குக் கேட்பதில்லையே.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராக முகம் வைத்துச் சொன்னாள். "உங்களுக்குக் கேக்கோணும்னு சத்தமாப் பேசிப் பேசி எனக்கு அதே பழகிப்போச்சுங்க. ஸ்கூல்ல எல்லாரும் என்ன டீச்சர், எப்பப் பாத்தாலும் கோவமாவே இருக்கறீங்கன்னு கேக்கறாங்க."

ஒரு வருடமாக நான் அவளைச் சிடுமூஞ்சியாக்கி வைத்திருக்கிறேன். குக்கருக்கு கேஸ்கட் மாற்ற வேண்டும் என்று எழுதிய பக்கம் மேலே அப்படியே இருக்கிறது. கிழிக்க மாட்டேன், ரிஜிஸ்டரில் தாள் கிழிக்கக் கூடாது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்றும் எழுதியிருக்கிறேன். சங்கை ஊதியது அவள்.

டிசம்பர் 26, வெள்ளி

காலை எழுந்ததும் முபாரக் நினைவு. போனை எடுத்தால் அவர் செய்தி காத்திருக்கிறது: "உங்களை நம்பி நேற்று புக் பண்ணிட்டேன் சார். திங்கட்கிழமை வருது."

நிறுத்துங்கள் என்று எழுதினேன். பார்க்கவில்லை. இன்னொன்று எழுதினேன். பார்க்கவில்லை. போனில்தான் கூப்பிட வேண்டும். போனில் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது இதுவே முதல் தடவை.

செல்வநாயகி ஸ்பீக்கரைப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் பேசப் பேச, சத்தம் வராமல் அதையே தன் உதட்டால் எனக்குச் சொன்னாள். நான் அவள் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன். இருபத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தால் உதடும் ஒரு மொழிதான்.

"முபாரக் தம்பி, நான் எழுதினது தப்பு. அதுல சத்தம் இருக்குது. நிறைய. எனக்குத்தான் காது கேக்கலை."

உதடு அசையவில்லை. அந்தப் பக்கம் அவர் பேசவில்லை என்று புரிந்தது. பிறகு அசைந்தது.

"என்ன சார் சொல்லுதீங்க? பிள்ளை தூங்காதா?"

"முழு வேகத்துல ஓடுச்சுன்னா தூங்காது. புக் பண்ணினதை இன்னிக்கே நிறுத்திருங்க."

நான் போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். அப்போது செல்வநாயகி இடையில் புகுந்தாள், கையில் மீட்டரோடு. அவருக்கு அவள் சொன்னதை எனக்கும் பிறகு சொன்னாள்: "ஒரு மணி நேரம் பொறுங்க தம்பி. அதுல அமைதி நிலைன்னு ஒண்ணு இருக்குதுங்க. அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை. சத்தமே இல்லாத கணினிக்கு அமைதி நிலை எதற்கு என்று விட்டுவிட்டேன்!

இருவரும் சேர்ந்து அளந்தோம். அவள் மீட்டரைப் பிடித்தாள், நான் வேலையை ஓட விட்டேன். முபாரக்கின் வேலை மாதிரியே ஐந்து நிமிட வீடியோ. முழு வேகத்தில் ஆறு நிமிடத்தில் முடிந்தது, 55 டெசிபல். அமைதி நிலையில் பத்து நிமிடம், 34. எங்கள் ஃப்ரிட்ஜ் அதைவிட அதிகம். அவள் தாளில் கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதி சராசரி எடுத்தாள். டெஸ்டிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருடம் இருந்தேன், இவ்வளவு சுத்தமான ரிஜிஸ்டரை நான் பார்த்ததில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவேன், அவள் கெட்டிக்காரி.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னோம். நாலு நிமிடம் கூடுதலாக ஆகும், பிள்ளை தூங்கும். முபாரக் சொன்னதை செல்வநாயகி உதட்டில் இப்படிப் படித்தேன்: "அப்பம் நிறுத்த மாட்டேன் சார். பிள்ளைக்காவ நாலு நிமிசம் காத்திருக்க மாட்டனா? நீங்க காதைப் பாருங்க சார். எங்களுக்கு அது வேணும்."

சுடரொளிக்கும் எழுதிவிட்டேன். காது போனதை, ஐந்து இதழ் மதிப்பெண்ணும் தவறு என்பதை, பத்தியை நிறுத்துவதானால் நிறுத்தலாம் என்பதை. பதில் இன்னும் வரவில்லை.

டிசம்பர் 27, சனி

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண்ணின் கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். சோதனை செய்து பிழைத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

செல்வநாயகி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். "மேடம், அவரைத் திருப்பி உக்கார வைங்க. காப்பி அடிக்கறாரு."

திரும்பி உட்கார்ந்தபின் நிஜம் வந்தது. மேல் சுருதிகள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. விசில், பெல், காலடி, விசிறி எல்லாம் அந்த வரிசை. மோட்டார் இரைச்சலில் காதை மூடாமல் நின்ற வருடங்கள் தின்றுவிட்டன. போனது திரும்பாது, கருவி வைத்தால் கேட்கும். திங்கட்கிழமை ஒரு வாரத்துக்குப் போட்டுப் பார்க்கத் தருகிறார்கள். கருவியையும் சோதனைக்குத்தான் தருகிறார்கள் என்பதில் ஒரு ஆறுதல்.

டிசம்பர் 29, திங்கள்

இரண்டு காதுக்கும் கருவி. ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டை அளவு. பெட்டி சிறியது, மூடி காந்தத்தால் ஒட்டுகிறது, சார்ஜ் இருபது மணி நேரம். பழக்க தோஷம், குறித்து வைத்தேன்.

நாற்காலி நகர்வது கேட்கிறது. என் செருப்பு கேட்கிறது. இந்தப் பேனா தாளில் கீறுவது கேட்கிறது.

வீட்டுக்கு வந்ததும் செல்வநாயகி சமையலறையிலிருந்து கேட்டாள். "காப்பி வைக்கட்டுங்களா?"

"ஏய், எதுக்கு இப்படிக் கத்தறே!" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள், அப்படியே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, பள்ளியில் ஒருத்தருக்கும் தெரியாத குரலில், "காப்பி வைக்கட்டுங்களா?" என்றாள்.

கல்யாணமான புதிதில் கேட்ட குரல். அது இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

சுடரொளி காலையில் போன் செய்தார். நானே எடுத்தேன். பத்தி நிற்கவில்லை. ஆனால் இந்த மாதத்திலிருந்து கீழே இரண்டு பெயர், அளவுகள் செல்வநாயகி என்று. பழைய ஐந்து கணினிக்கும் திருத்தம் போடச் சம்மதித்துவிட்டார். அவளிடம் சம்மதம் கேட்டதற்கு, "ஸ்கூல் இல்லாத நாளா இருந்தாச் சரிங்க" என்றாள். மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று.

நாளை வேங்கை போகிறது. இந்த வருடத்தின் சிறந்த கணினி அதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரைக்குப் பத்து. வேகத்துக்குப் பத்து. ஒலிபெருக்கிக்கு நாலு என்று குறித்திருந்ததை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். மாடிப்படியில் இறங்குகிறவன் எனக்கும் கேட்கிறான். கேட்டும் செத்தேன், அதற்கு வேங்கை என்ன செய்யும்?

கடைசியாக எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து ஓட விட்டேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு விசிறியும் எழுந்தன. அப்பப்பா! செல்வநாயகி நடு அறையிலிருந்து கதவைச் சாத்த எழுந்து வந்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவளும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். இருவரும் காதடைக்கக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சத்தம்: பள்ளிக்கூடம் விட்ட வேளை. பத்துக்கு மூன்று. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கணினிக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை.